இன்ஸ்பெக்டருக்கு மண் வறுத்த கதை

நன்றாகப் போகிற பாடத்தை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் வாத்தியார். அது தெரியாத வயதில், வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. புதிதாகக் கலியாணம் முடித்தவன் நான். வேலை போனால் மாமனாரின் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்க வேண்டியதுதான். (அவர் அதை ஆவலோடு எதிர்பார்த்திருந்தார்.)

பாடம், மண்ணில் என்ன இருக்கிறது என்பது. நல்ல மண்ணாக இருக்கட்டுமென்று மாமனாரின் தோட்டத்திலேயே அள்ளினேன். உரத்துக்காக முந்திய வாரம்தான் அங்கே ஆடுகளைப் பட்டியடைத்திருந்தார்கள். பிறகு குசினிக்குள் போய்ப் பொரிக்கிற தாச்சியை எடுத்தேன்.

"தாச்சி என்னத்துக்கு?" என்றாள் என் மனைவி பாக்கியம்.

"மண் வறுக்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்களுக்குப் பொருத்தம் பார்த்த சாத்திரியாரை நினைத்துக்கொண்டாள் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக முன்வாங்கில் அமர்ந்தார். கண்ணாடிப் போத்தலில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டேன். குமிழி கிளம்பியது. "மண்ணுக்குள் காற்று இருக்கிறது. வேர் மூச்சு விடுவது இதில்தான்" என்றேன். குலுக்கி வைத்தேன். மணல் அடியில் படிந்தது, அதன்மேல் வண்டல். களிமண் கலங்கலாக நின்றது. மக்கி உக்கிப்போன இலைத்துணுக்குகள் மிதந்தன. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"இந்த உக்கல்தான் செடிக்குச் சாப்பாடு. அதை எரித்துக் காட்டுகிறேன்" என்று மண்ணெண்ணெய் அடுப்பில் தாச்சியை வைத்தேன். சோழகக் காற்று அடுப்பை அணைத்தது. கதவு, யன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன்.

தாச்சி சூடேறியதும் மாமனாரின் ஆடுகள் அத்தனையும் வகுப்புக்குள் வந்துவிட்டன. உருவம் மட்டும்தான் இல்லை. பெடியள் மூக்கைப் பொத்தினார்கள். ஒருவன் யன்னலைத் திறந்து வெளியே குதித்தான். (பிறகு அவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.) இன்ஸ்பெக்டர் கண்ணீர் வழிய, அசையாமல் இருந்தார்.

"இப்ப எரியிறது என்ன, தம்பி?"

"உக்கல், ஐயா."

"நான் ஆடெண்டு நினைச்சன்."

"அதுவும் கொஞ்சம் இருக்கு, ஐயா."

வெளியே வேப்பமரத்தடியில் நின்று தலைப்பாகையை உதறினார். "மண்ணைப் பற்றி இவங்கள் இனிச் சாகுமட்டும் மறக்கமாட்டாங்கள். உம்மை நிரந்தரமாக்கிறன். ஆனால் நீர் கணக்கு மட்டும் படிப்பியும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது அடிப்பிடித்தாலும், "இன்ஸ்பெக்டர் வந்திட்டார்" என்றுதான் சொல்வது. மூத்தவனைக் கட்டி மருமகள் வந்த மறுநாள், அடுப்பில் சோறு கருகும் மணம் வந்தது. பாக்கியம் கிணற்றடியிலிருந்து கத்தினாள்: "பிள்ளை, இன்ஸ்பெக்டர் வந்திட்டார்!"

அந்தப் பிள்ளை சேலையைச் சரிசெய்துகொண்டு ஓடிப்போய் விறாந்தையில் அவர் இருக்கக் கதிரை போட்டாள். பிறகு கிணற்றடிக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்:

"மாமி, ஆக்கின சோறு அவருக்கும் காணுமோ?"