வழவழத் தாளில் ஒரு கல்லூரி

தாளைத் தடவிப் பார்த்தே ஒரு கல்லூரியின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பிய மடையன் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவனுக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்கு டிசைனர் வேலை. காலண்டர், டைரி சீசன் முடிந்ததும் கல்லூரிகளின் விளக்கப் புத்தகங்கள் வரும். பெயரே கேள்விப்படாத கல்லூரிகள்கூட எங்கள் மெஷினுக்குள் புகுந்துதான் வெளியே போகும். அதனால் ஊருக்குத் தெரியாத நல்ல கல்லூரிகள் எனக்கு மட்டும் தெரியும் என்று ஒரு மிதப்பு. (இருபத்தாறு வயது. மிதக்காமல் என்ன செய்யும்?)

அந்த வருடம் தங்கை மாரீஸ்வரி பிளஸ் டூ முடித்தாள். அப்பா இல்லை. அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தான் தினமும் ஏறும் கம்பெனி வேனில் மகள் ஒருநாளும் ஏறக் கூடாது என்பது அம்மாவின் ஒரே பிடிவாதம். மாரிக்கு வேதியியல் படிக்க ஆசை. பெரிய கல்லூரிகளின் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. கவலைப்படாதே, அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

என் மேசையில் இரண்டு கல்லூரிகள் இருந்தன. ஒன்று காரியாபட்டிப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரி. சாதாரணத் தாளில் ஒற்றை வண்ணத் துண்டறிக்கை. அதற்கே முதல்வர் பஸ் ஏறி வந்து, மூன்று தடவை புரூப் பார்த்து, லேப் உதவியாளரின் இனிஷியல் வரைக்கும் திருத்தி என் உயிரை வாங்கினார். மற்றது வெளிமாவட்டக் கல்லூரி. வழவழவென்று ஆர்ட் பேப்பர், அட்டையில் தங்க எழுத்து. புரூப் பார்க்க யாரும் வரவில்லை, போனிலேயே ஓகே சொல்லிவிட்டார்கள். நம்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று பூரித்துப்போனேன்.

“காரியாபட்டியில சீட்டுத் தாரேன்னு சொல்லிட்டாகண்ணே,” என்றாள் மாரி.

“அந்தத் தாளைப் பாத்தியா? பின்பக்கத்து எழுத்து முன்னால தெரியுது. அங்கன போயா படிப்ப?”

அவள் அந்தச் சீட்டை விட்டுவிட்டாள். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள், பாவம்.

இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, அந்தத் தங்க எழுத்துக் கல்லூரிக்குப் பெட்டியோடு மூவரும் பஸ் ஏறினோம். போய் இறங்கினால், பாதி பூசாத ஒரு கட்டடம் நின்றது. வாட்ச்மேனிடம் புத்தகத்தை விரித்து, இந்த நாலு மாடிக் கட்டடம் எங்கே என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இது புத்தகத்துல மட்டும்தான் இருக்கு தம்பி.”

(படத்திலிருந்த வானமும் புல்வெளியும் நானே ஒட்டியவை. கட்டடத்தை அவர்களே ஒட்டிக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.)

‘வேதியியல் ஆய்வகம்’ என்று எழுதியிருந்த அறையில் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மாரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இங்கன வேணாம்ண்ணே.”

அவ்வளவுதான் சொன்னாள். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் காரியாபட்டியில் இடங்கள் நிரம்பிவிட்டன.

வீட்டில் சும்மா உட்கார மாட்டேன் என்று, அந்தத் தீபாவளி சீசனுக்கு அம்மாவோடு வேனில் ஏறினாள் மாரி. பதினெட்டு முடிந்திருந்ததால் கம்பெனியிலும் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் அலுமினியப் பொடியோடு வந்து இறங்குவாள். அவள் படித்த முதல் வருட வேதியியல் அதுதான். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுவருடம் காரியாபட்டியிலேயே சேர்ந்து படித்தாள். இன்று பள்ளியில் வேதியியல் டீச்சர். அவளுக்கு வந்த மாப்பிள்ளையைத் தங்கமான பையன் என்று நான் சொன்னபோது, “தாளைத் தடவிப் பாத்தியாண்ணே?” என்றாள். அன்றிலிருந்து வீட்டில் நான் எதைப் பாராட்டினாலும் இதே கேள்விதான். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அவள் மாணவர்களுக்காக எனக்குப் போன் வரும்.

“இந்த வருசம் எந்தக் காலேஜ்காரவுக நேர்ல வந்து புரூப் பாத்தாக?”

சொல்வேன். குறித்துக்கொள்வாள்.

விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதையை அம்மாதான் சொல்வாள். வாட்ச்மேன் சொன்ன பதிலோடு நிறுத்திவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள். அதற்கு அப்புறம் வந்த தீபாவளி சீசனை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.