லாட்ஜ் பாவாவும் அரக்குப் புடவையும்

திருத்தணியில் முருகனுக்கு அடுத்தபடியாக அதிக மொட்டைத் தலைகளைப் பார்த்தவர் எங்கள் லாட்ஜ் பாவாதான். முருகனாவது மலைமேல் நின்றபடி தூரத்திலிருந்து பார்க்கிறார். பாவா கிட்டேயே நின்று, சந்தனம் தடவிய ஒவ்வொரு மண்டைக்கும் துண்டு எடுத்துக் கொடுத்துப் பார்த்தவர்.

மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு சின்ன லாட்ஜ். பூர்வீகம் பள்ளிப்பட்டுப் பக்கம், வீட்டில் தெலுங்கு. யாரோ ஒரு மச்சான் முதலில் தெலுங்கில் அத்தான் என்கிற அர்த்தத்தில் ‘பாவா’ என்று கூப்பிட, அதையே தெருவும் பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் புருஷனும் அவரை பாவா என்பான், பெண்டாட்டியும் பாவா என்பாள், அவர்கள் பெற்ற பிள்ளையும் பாவா என்னும். முறை பார்க்க உட்கார்ந்தால் பாதித் தெரு கல்யாணம் செல்லாது.

மொட்டை போட வருகிற குடும்பங்கள் ராத்தங்குவதற்காக ரூம் எடுப்பதில்லை. இருபது பேர் வேனில் வந்து இறங்குவார்கள். ஒரே ரூம். மொட்டை, குளியல், புதுத்துணி, மலையேற்றம், மத்தியானம் காலி. அதனால் பாவாவுக்கு ரூம் என்றால் கட்டிலோ ஏசியோ கிடையாது. “ரூம்னா இன்னாங்கறே? ரெண்டு பக்கெட்டு, செவுரு முழுக்கக் கொக்கி. இருவது பேரு சட்டைய எங்க மாட்டுவே, என் தலையிலயா?” என்பார். அவருடைய லாட்ஜ் சுவரில் சுண்ணாம்பைவிடக் கொக்கி அதிகம்.

தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னைக்குப் போய்ப் புடவை எடுத்தாலும் பாவா கூடப் போவார். யாரும் அழைப்பதில்லை. வேனின் முன் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்.

என் அண்ணன் மகள் ரேவதியின் கல்யாணத்துக்கும் அப்படித்தான். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளையின் அம்மா சென்னைக்காரர். தி.நகர் கடைக்கு எல்லோரும் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். ரேவதிக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை: கல்யாணத்துக்கு அரக்குக் கலர்ப் புடவைதான் கட்ட வேண்டும். அண்ணிக்கோ ஒரே பயம்.

“அவங்க எடுக்கற புடவ. அவங்க எது எடுத்தாலும் நல்லாக்கீதுன்னு சொல்லணும். வாயத் தொறந்தே, பட்டிக்காட்டுப் பொண்ணு வந்ததும் வராததுமா சட்டம் பேசறான்னுடுவாங்க” என்று வேனிலேயே மகளுக்கு உத்தரவு போட்டாள். ரேவதி முன் சீட்டுப் பக்கம் குனிந்து, “பாவா, அரக்கு பாவா” என்றாள், ஏதோ மனுவை மேலிடத்துக்கு அனுப்புகிற மாதிரி. “ஆங்” என்றார் மேலிடம், கண்ணை மூடியபடி.

தி.நகர் வந்ததும் பாவா டிரைவரிடம் கை காட்டி வேனை ஒரு பெரிய ஓட்டல் வாசலில் நிறுத்தினார். கண்ணாடிக் கதவு, சல்யூட் அடிக்க மீசைக்காரர், உள்ளே பளிங்குத் தரை.

“இங்க எதுக்கு பாவா?” என்றாள் அண்ணி.

“வேன்ல வந்த புழுதியோட முகூர்த்தப் புடவயத் தொடுவியா? குளிச்சி, வேற துணி மாத்தினுதான் கடைக்கிப் போவணும்.”

வரவேற்பில் டை கட்டிய பையன். எத்தனை பேர் என்று கேட்டான்.

“எட்டு பேரு. டிரைவரோட ஒம்போது. ஒரு ரூம் போதும்.”

“சார், ஒரு ரூம்ல ரெண்டு பேர்தான். மேலும் செக்-இன் மத்தியானம் ரெண்டு மணிக்கு.”

“ரெண்டு மணிக்கா? அதுவரிக்கும் மொட்ட போட்டவன அப்படியே குந்த வெப்பியா நைனா? முடியெல்லாம் உடம்புல குத்துமே!”

பையன் எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லோர் தலையிலும் முடி இருந்தது. அவனுக்கு அதுதான் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர், பாவாவும் லாட்ஜ்காரர் என்று தெரிந்ததும் தொழில் பாசத்தில் சிரித்துவிட்டு, அப்போதே ரூமைத் திறந்துவிட்டார். இருக்கப்போவது இரண்டு பேர்தான், மற்றவர்கள் பார்க்க வந்தவர்கள் என்று கணக்கு.

ரூமுக்குள் போன பாவா நாலு சுவரையும் தடவிப் பார்த்துவிட்டு நடுவில் நின்றுவிட்டார். “ஒரு கொக்கி இல்ல. இதுக்குப் பேரு ஸ்டாரு ஓட்டலு.” பையிலிருந்து கயிறு எடுத்தார். திரைச்சீலைக் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடி வரை கட்டினார். ஆளாளுக்குக் குளித்து முடித்தபோது கொடியில் துண்டுகளும் அண்ணனின் ஈரப் பனியனும் வரிசையாகத் தொங்கின. அண்ணி எங்களிடம் சத்தியம் வாங்கினாள்: ரூம் எடுத்த விஷயம் சம்பந்தியம்மா காதுக்குப் போகக் கூடாது.

கடையில் சம்பந்தியம்மா காத்திருந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் வந்ததும் ஒரு சாம்பல் கலர்ப் புடவையை விரித்து, “இப்ப எல்லாரும் இந்த ஆஷ்தான் கட்றாங்க. எப்படி இருக்கு?” என்றார்.

“நல்லாக்கீது” என்றாள் அண்ணி, புடவை முழுசாக விரிவதற்கு முன்பே. ரேவதியின் கண்ணோ, பக்கத்தில் கிடந்த ஓர் அரக்குப் புடவையின் மேலேயே இருந்தது.

பாவா தலையை ஆட்டினார். “மழைக்கி மின்னாடி மலைமேல மேகம் எறங்கி நிக்குமே, அப்படிக்கீதும்மா.”

“எவ்ளோ அழகா சொல்றீங்க!” என்று சம்பந்தியம்மா மகிழ்ந்துபோனார்.

“நான் எங்க அழகுன்னு சொன்னேன்? மேகம்னு சொன்னேன்” என்று பாவா என் காதில் முணுமுணுத்தார்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. விரித்துப்போட்ட புடவைகள் கசங்கிக் கிடப்பது அவருக்குத் தாங்கவில்லை. பெட்ஷீட் மடிக்கிற மாதிரி உதறி உதறி மடிக்க ஆரம்பித்தார். “சார், நாங்க மடிச்சிக்கிறோம் சார்” என்று கடைப்பெண் கெஞ்சினாள். “நீ அந்த முனையப் புடிம்மா” என்று அவளுக்கும் வேலை கொடுத்தார்.

ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று ஆஷையும் பக்கத்தில் கிடந்த அரக்கையும் தனியே எடுத்து வைக்கச் சொன்ன சம்பந்தியம்மா, “சாப்பிட்டுட்டு வந்து முடிவு பண்ணலாம். பக்கத்து ஓட்டல்ல பஃபே நல்லா இருக்கும், நான்தான் உங்களுக்கு விருந்து” என்றார். எந்த ஓட்டல் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வாசலில் மீசைக்காரர் பாவாவைப் பார்த்து, பழகின ஆள் மாதிரி சல்யூட் அடித்தார். அண்ணியின் முகத்தில்தான் அசல் ஆஷ் கலரைப் பார்த்தேன்.

பஃபே என்றால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பாவாவுக்கு அது பொறுக்கவில்லை. “விருந்துக்கு இட்டாந்து தட்டேந்த வெக்கறாங்களே! குந்துங்கம்மா, எல்லாரும் குந்துங்க!” என்று கரண்டியைக் கையில் எடுத்தார். எங்களுக்குப் பரிமாறினார். அடுத்த மேஜையிலிருந்த வடநாட்டுக் குடும்பத்துக்கும் பரிமாறினார். அவர்கள் அவரை ஓட்டல் ஆள் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டார்கள். அதையும் கொண்டுவந்து வைத்தார். தடுக்க வந்த கோட்டுக்காரரை, “நீ துன்னியா நைனா? மூஞ்சி வாடிக்கீதே” என்று தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். பாவம், அந்தப் பிள்ளை நிஜமாகவே சாப்பிட்டிருக்கவில்லை.

சாப்பிட்டு முடித்த சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றிக் காலைப் பார்த்தார். நன்றாக வீங்கியிருந்தது. “காலைலருந்து நின்னதுல... கொஞ்சம் கால நீட்டினா தேவலாம்.”

“இன்னாத்துக்கும்மா கவல? மேல நம்ம ரூம் கீதே!” என்றார் பாவா.

அண்ணிக்கு மோர் புரையேறியது.

ரூம் கதவு திறந்ததும் சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றார். அண்ணனின் பனியன் கொடியில் முதல் ஆளாக நின்று அவரை வரவேற்றது. அண்ணி தரையைப் பார்த்தாள். பிளக்கிற ஜாதித் தரை இல்லை, பளிங்கு. சம்பந்தியம்மா கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். துண்டுகளுக்கு அடியில் குனிந்து போய்க் கட்டிலில் காலை நீட்டினார்.

“ரேவதி, நீ அம்மாவுக்குத் தொணையா இரு” என்று பாவா எங்களையெல்லாம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். சாத்தியவர் அதன் முன்னாலேயே சப்பணம் போட்டுக் குந்திவிட்டார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் லாட்ஜில் இருக்கிற மாதிரியே.

“தள்ளுங்க பாவா, நான் உள்ள போவணும்” என்றாள் அண்ணி.

“உள்ள ஆளு படுத்துனுகீறாங்க. யாருக்கும் பர்மிஷன் இல்ல.”

“என் பொண்ணு உள்ள கீறா பாவா! ஏடாகூடமா எதுனா பேசிடப் போறா!”

“ஆங். அதுக்குத்தான் சொல்றேன். கம்முனு இரு.”

அண்ணி குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அண்ணன் தாடையைச் சொறிந்தான். உள்ளே ஏதோ மெல்லிய பேச்சு. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு, ஒன்றல்ல, இரண்டு குரல்கள்.

கதவைத் திறந்த சம்பந்தியம்மா நேராக அண்ணியைப் பார்த்தார். “வாங்க, போய் அந்த அரக்க எடுத்துடலாம்.”

“ஐயோ, ஆஷே நல்லாத்தான் இருந்துச்சிங்க!”

“அது நல்லாத்தான் இருக்கு, நான் எனக்கு எடுத்துக்கறேன். உங்க பொண்ணுக்கு இவ்ளோ நல்லாப் பேச வருது, காலைலருந்து யாருங்க அவ வாய மூடி வெச்சது?”

அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்பி வரும்போது வேனில் பாவாவைக் கேட்டேன்: “திட்டம் போட்டுத்தான் கதவ சாத்தினீங்களா?”

“திட்டம் இன்னா திட்டம்? ரூம்னா கதவு சாத்தறதுக்குத்தான் நைனா. சாத்தினாத்தான் மனுசாளு மனசு தொறக்கும்.”

“எப்பவும் ரூம்னா கொக்கின்னுதானே சொல்லுவீங்க?”

“அங்க கொக்கி எங்க இருந்துச்சி?” என்று தூங்கிவிட்டார்.

போன மாதம் சென்னையில் ரேவதியின் புது ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளைச் சுவர், ஒரு ஆணி கூட அடிக்காமல் பளிச்சென்று இருந்தது. விருந்தாளிகள் தங்குகிற அறையில் மட்டும் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொக்கிகள்.

“இன்னாம்மா இது?” என்றேன்.

“எங்க அத்ததான் சித்தப்பா அடிக்கச் சொன்னாங்க. பாவா வந்தா எங்க மாட்டுவாருன்னு.”

பாவா இன்னும் போகவில்லை. கேட்டால் ‘சீசன் முடியட்டும்’ என்கிறார். திருத்தணியில் சீசன் என்றைக்கு முடிந்திருக்கிறது? சம்பந்தியம்மா மட்டும் முதல் கொக்கியில் துவைத்த துண்டு ஒன்றை வாரந்தவறாமல் மாற்றி மாட்டிவைக்கிறார்.