மோதிரம் தேடி முங்கியது

எனக்கு நீச்சல் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. முங்கத் தெரியும் என்றுதான் சொன்னேன். (அதுவும் தெரியாது என்பது வேறு விஷயம்.) பெண் வீட்டார் முன்னால் உட்காரும் வாலிபனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும், மூடத்தான் தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். அச்சன்புதூரில் காந்திமதியைப் பெண் பார்த்துவிட்டு வந்த வாரம் முழுக்க ஏழாம் வகுப்புக்கு எட்டாம் வகுப்புக் கணக்கை நடத்தினேன். அந்த அளவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவள் அப்பா நாள் குறிக்க மறுத்தார். மூத்த மாப்பிள்ளைக்குப் பரம்பரைச் சிவப்புக்கல் மோதிரத்தைப் போட்டு நிச்சயம் செய்வது அவர்கள் வீட்டு வழக்கம். அதுவரை அதை விரலில் போட்டிருந்த காந்திமதியின் அப்பா, போன ஆடியில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றால அருவியில் நிற்க, மோதிரம் வழுக்கித் தண்ணீரோடு போய்விட்டது.

"மோதிரம் போன வீட்டுல எப்படிய்யா நல்ல காரியம் பேசுதது? ரெண்டு வருசம் போட்டும்" என்றார்.

இரண்டு வருஷத்தில் காந்திமதியை எவனாவது கட்டிக்கொண்டு போய்விடுவானே!

அப்போதுதான் கொழும்பில் கடை வைத்திருந்த என் அத்தான் ஊருக்கு வந்தார். முகத்தை மூடும் ரப்பர் கண்ணாடி ஒன்றும், வாயில் கவ்விக்கொள்ள ஒரு குழாயும் கொண்டுவந்திருந்தார். அங்கே வெள்ளைக்காரர்கள் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போவார்களாம்.

"ஏலே, தீவைச் சுத்தி ஆறு மாசம் ஒரு பக்கத்துக் கடல் கலங்கிக் கெடக்கும். அப்ப முங்குதவன் மடையன். தெளிஞ்ச பொறவு முங்கினா, தரையில கெடக்க ஊசி தெரியும்லே" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. ஆடியில் நுரையும் கூட்டமுமாக இருக்கும் குற்றாலம், பங்குனியில் ஈ காக்கை இல்லாமல், அருவி நூலாக இறங்க, கீழே தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்குமே! நேராக அச்சன்புதூர் போய், மோதிரத்தோடு வருவதாக மார்தட்டினேன். வேடிக்கை பார்க்கக் குடும்பமே கிளம்பிவிட்டது.

பாறைகளுக்கு நடுவே ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கிய ஒரு கசம். அடியில் கிடந்த இரண்டு வெள்ளைக்காசு தெரிகிற அளவுக்குத் தெளிவு. அத்தான் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எண்ணெய் தேய்க்காமல் குற்றாலத் தண்ணீரில் கால் வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கமில்லையே! உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, அதன்மேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தேன்.

கண்ணாடி மூக்கிலிருந்து நெற்றிக்கும், நெற்றியிலிருந்து காதுக்கும் வழுக்கியது. உள்ளே எண்ணெய் வழிந்து கண் எரிந்தது. உலகமே மஞ்சளாகத் தெரிந்தது. அந்த மஞ்சளுக்குள் ஒரு மினுக்கல். வளையம்! ஒரே பிடி, ஒரே இழுப்பு. கைக்கு வந்துவிட்டது.

"கெடச்சிட்டு!" என்று கையை உயர்த்திக்கொண்டு எழுந்தேன்.

பக்கத்தில் தொப்பென்று ஏதோ விழுந்தது. பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்த காந்திமதியின் அம்மா. என் கையில் இருந்தது அவருடைய மெட்டி.

சுமங்கலியின் மெட்டியைக் கழற்றிய பாவி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஓடிவிடலாம் என்றால் இடுப்புத் துண்டு என்னோடு மேலே வரவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்றபடியே நடந்ததை எல்லாம் பார்க்க வேண்டியதாயிற்று. காந்திமதி எதிர்ப் பாறைக் குரங்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

என் கையிலிருந்த மெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கரையேறிய என் வருங்கால அத்தை அழவில்லை, திட்டவில்லை. மெட்டியைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, காலை நீட்டிப் பாறைமேல் வைத்தார்.

"இந்தாருங்க, மெட்டிய நீங்கதான் போடணும். அதுவரைக்கும் இங்கன இருந்து எந்திரிக்க மாட்டேன்."

"ஏட்டி, நாலு பேரு பாக்காவ. நீயே போட்டுக்கயேன்."

"கல்யாணத்தன்னைக்கும் நானேவா போட்டுக்கிட்டேன்?"

பார்த்தால் ஊரே எழுந்து நிற்கும் அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்தார். மனைவியின் காலைப் பிடித்தார். என் கை எண்ணெய் ஒட்டிய காலில் மெட்டி இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவைதான் ஏறியது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வயதிலும் அது சிவந்திருந்தது. நான் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டேன். (எண்ணெயும் காரணமாக இருக்கலாம்.)

"மோதிரமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வைகாசியிலயே நாளைக் குறிங்க. இந்தப் பிள்ளைய சும்மா விட்டுவச்சா அடுத்தாப்புல யாரு காலைப் பிடிச்சு இழுக்குமோ!" என்றார் அத்தை. மாமா தன் துண்டை என்னை நோக்கி வீசினார். மோதிரம் கடைசிவரை கிடைக்கவில்லை.

இன்றைக்கும் நான் தண்ணீரில் இறங்கினால், எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவர் விடாமல் காலைத் தூக்கிப் பாறைமேல் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். காந்திமதி மட்டும் எடுப்பதில்லை. "அத்தை, காலை எடுங்க, மாமா வாராவ" என்று போன வருஷம் மருமகள் கத்தினாள்.

"கழத்துனாத்தானட்டி திரும்பப் போட்டுவிடுவாவ" என்றாள் காந்திமதி.