நிற்கக் கூடாத பிரேக்

பிரேக் என்பது வண்டியை நிறுத்துவதற்காக இருக்கிறது என்று நினைப்பவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் யாரும் புதிதாகப் பிரேக் பேட் வாங்கி மாட்டியிருக்க மாட்டார்கள். அதிலும் ரேஸ் ஓட்டுகிறவர்கள் மாட்டுகிற ரகம் என்றால், முதல் நாள் அதை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம், வண்டியை மட்டும் நிறுத்தக் கூடாது.

எனக்கு அப்போது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கை. பல கை மாறி என்னிடம் வந்தது. (ஊட்டி பெர்ன்ஹில்லில் வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று அம்மா கேட்டார்.) கோயம்புத்தூரில் அதற்குப் புது பேட் மாட்டிய மெக்கானிக் செல்வண்ணன் போனில் பாடம் நடத்தினார்.

"நூறுல போயி, நல்லா அமுக்கிப் பத்துக்குக் கொண்டாங்க. நிக்கறதுக்கு முன்னாடி விட்டுட்டு மறுபடியும் நூறு. இப்படியே பல வாட்டி பண்ணுனா பேடு, சக்கரத்துல இருக்கற டிஸ்க்கோட பழகிக்கும். நடுவுல நின்னுறாதீங்க. சூட்டுல நின்னா பேடு டிஸ்க்குல அங்கியே அப்பிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் ஸ்டீரிங் நடுங்கும்."

"அண்ணா, எங்க ஊர்ல நூறுல போனா கேரட் தோட்டத்துலதான் நிப்பேன்."

"செரி, அறுபது. ஆனா நிக்கக் கூடாதுங்க."

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் கார்த்தியின் அம்மா என்னைப் பார்க்க எமரால்டு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. கார்த்தியை விட்டால் வேறு யாரையும் கட்டிக்கொள்ள எனக்கு மனசில்லை. அவன் அம்மா சரி என்று சொல்லாமல் கட்டிக்கொள்ள அவனுக்குத் தைரியமில்லை. மாலையில் அவரை என் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டு நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். வருங்கால மாமியாரை ஏற்றிக்கொண்டு போகும்போது பிரேக் பிடிக்க வேண்டுமே என்று காலையிலேயே பேடைப் பழக்கக் கிளம்பினேன்.

இந்த மலையில் நேரான ரோடு கிடைப்பது அபூர்வம். எனக்குத் தெரிந்த ஒன்று எமரால்டு ஊர் எல்லையில் இருந்தது. ஒரு கோடியில் தேயிலை ஃபேக்டரி முற்றம், மறு கோடியில் லாரிகள் திரும்புகிற மைதானம். இரண்டிலும் நிற்காமல் வட்டமடிக்கலாம். ஃபேக்டரிக்குச் சற்று முன்னால், சரியாக நான் பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தில், ஒரு பஸ் ஸ்டாப். அங்கே ஸ்வெட்டர், சால்வை, காதை மூடின மஃப்ளர், இரண்டு பைகள் சகிதம் ஓர் அம்மாள் நின்றிருந்தார்.

அவர்தான் கார்த்தியின் அம்மா. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு மதியம்தான் தெரிந்தது. போட்டோவில் நான் பார்த்திருந்தது பட்டுப்புடவை கட்டின அம்மாவை. (பெண் வீட்டை உள்ளது உள்ளபடி பார்க்க வேண்டுமானால் சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் முந்தின பஸ்ஸுக்கே வந்துவிட்டார்.)

எங்கள் பக்கம் பஸ் ஸ்டாப்பில் ஒரு கார் வேகம் குறைத்தால் லிஃப்ட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். நான் அறுபதில் வந்து பத்துக்கு இறங்கினேன். அவர் முகம் மலர்ந்து பைகளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஊட்டிக்குங்களா கண்ணு?" என்று கதவைத் தொடப் போனார். நான் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

இரண்டாவது சுற்றுக்குள் அவர் என்னை மன்னித்திருந்தார். மறுபடியும் பைகள், மறுபடியும் சிரிப்பு, மறுபடியும் நான் போய்விட்டேன். அடுத்த சுற்றில் பைகளைத் தூக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க, நிக்கறீங்களா இல்லீங்களா?"

கண்ணாடியை இறக்கி, உண்மையைச் சுருக்கமாகச் சொன்னேன். "நிக்கக் கூடாதுங்க!"

தமிழில் யார் நிற்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதியின் விளைவு அடுத்த சுற்றில் தெரிந்தது.

"பஸ் ஸ்டாப்புல நான் நிக்கக் கூடாதா? அதச் சொல்ல நீ யாரு?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. விளக்கம் சொல்ல நின்றால் ஸ்டீரிங் நடுங்கும். ஒரு கையால் கும்பிடு போட்டுவிட்டுப் போனேன். அது கேலியாகப் பட்டிருக்க வேண்டும்.

அதற்கடுத்த சுற்றில் முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. புகை வந்தால் பேட் பழகுகிறது என்று சந்தோஷப்படச் சொல்லியிருந்தார் செல்வண்ணன். ஆனால் கல்லட்டி இறக்கத்தில் திண்டாடுகிற டூரிஸ்ட் கார்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஜனங்களுக்கு, சக்கரத்தில் புகை என்றால் பிரேக் போய்விட்டது என்றுதான் பொருள். அந்த அம்மாளின் கோபம் பறந்துவிட்டது.

"அய்யோ, பிரேக் புடிக்கலயாட்ட இருக்குது! அதான் புள்ள நிக்க முடியாம சுத்துது!" என்று அலறிக்கொண்டு எதிரில் இருந்த டீக்கடைக்கு ஓடினார்.

நான் திரும்பி வரும்போது வாளித் தண்ணீரோடு தயாராக நின்றார். கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் கோணிக்கொண்டு விடும். "ஊத்தாதீங்க!" என்று கத்த ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். அவர் சக்கரத்தைத்தான் குறி வைத்தார். டிஸ்க்கில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

பேட் ஆறும்வரை நிற்காமல் மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது விதி. நனைந்த தலையோடு, பல் கிட்டிக்க, அப்படியே வீட்டைப் பார்த்து ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் வாளியைத் திருப்பிக் கொடுக்க டீக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. ஸ்டாப்பில் இரண்டு பைகள் மட்டும் இருந்ததால் நிற்காமல் போய்விட்டது.

மதியம் கார்த்தி ஊட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மாவைக் கூட்டி வந்தான். தும்மிக்கொண்டே காப்பித் தட்டோடு ஹாலுக்குள் வந்த நான், அந்தச் சால்வையைப் பார்த்தேன். வாசலில் சிவப்புக் காரை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். கல்யாணம் போயிற்று என்று தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

"உக்காரு அம்மிணி," என்றார். "நிக்கக் கூடாதுன்னு சொன்னயில்ல."

பேட், டிஸ்க், சூடு, புகை எல்லாவற்றையும் தும்மலுக்கு நடுவே சொல்லி முடித்தேன். அவர் குந்தா மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர். மிஷின் சமாச்சாரம் என்பதால் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"அப்ப, புதுசா வர்றதை மொதல்லயே நல்லா சூடு பண்ணிப் பழக்கிட்டா, பின்னால தொந்தரவு பண்ணாதுங்கற."

"ஆமாங்க," என்றேன். (நான் பிரேக் பேடைத்தான் சொன்னேன்.)

"செரி, எனக்குப் புடிச்சிருக்குது. தேதி பாருங்க," என்றார்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ரசத்தில் உப்பு கூடினால் அத்தை ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார். நான் உம்மென்று கேட்டுக்கொண்டிருப்பேன். கார்த்தி டிவியிலிருந்து தலையைத் திருப்பாமல், "ஏம்மா, இன்னும் பழகலையா?" என்பான்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

"எங்க? இன்னும் பொகையே வரலயே."