லாக்ரிமோஸுக்கு ஒரு வாக்கியம்

"மறுபடியும் திரும்பி வந்துடுச்சா?" என்றாள் மனைவி, கணினியிலிருந்து தலையைத் தூக்காமல்.

மூடிய கதவின் அடி இடுக்கு வழியாகத் தாள் வெளியே வந்திருந்தது. ஓரத்தில் 'சரியில்லை' என்று சிவப்பு மை. அதுவும் கரைந்து வழிந்திருந்தது.

"மனுஷன் டீயைக் கொட்டித் தொலைக்கிறார்," என்றார் உதவி ஆசிரியர்.

அது ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகம்; உதவி ஆசிரியர் எழுதுவதைத் தட்டச்சு செய்வது அங்கேயே வேலை பார்க்கும் அவர் மனைவி. தலைமை ஆசிரியருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் கருங்கல். யாரையும் உள்ளே விடமாட்டார். தாளில் மேலே பொருள், கீழே உதாரண வாக்கியம் எழுதி இடுக்கில் தள்ள வேண்டும். வாக்கியத்தில் கற்பனை ஆள் கூடாது, எழுதுகிறவருக்குத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். மாலைக்குள் 'லாக்ரிமோஸ்' என்ற ஆங்கிலச் சொல் தேறாவிட்டால் உதவி ஆசிரியரின் வேலை நிரந்தரமாகாது. பக்கத்து வீட்டுக்காரரை வைத்து எழுதியது இப்போதுதான் திரும்பியிருந்தது.

"அப்படி என்னங்க வார்த்தை அது?"

விளக்குவதென்றால் அவருக்குச் சோறு வேண்டாம்.

"அழறவங்க எல்லாரும் லாக்ரிமோஸ் இல்ல. வெங்காயம் நறுக்கி வர்ற கண்ணீர் சேராது. கால்ல சுத்தியல் விழுந்து அழுதாலும் சேராது. வாஷர் தேஞ்ச குழாய் எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டும் பாரு, அந்த மாதிரி ஆளு. லேசா தொட்டாப் போதும்!"

அடுத்த வாக்கியத்தை அவள் உரக்கப் படித்தாள். "'என் மனைவி லாக்ரிமோஸ், சோப்பு விளம்பரத்துக்கும் அழுவாள்.' நான் தேஞ்ச வாஷரா?"

"கோவிச்சுக்காதே. உன் தம்பின்னு மாத்திடறேன். நம்ம கல்யாணத்துல தேம்பித் தேம்பி அழுதானே?"

"அது பாசம்!"

"நியாயமா அன்னிக்கு நான்தான் அழுதிருக்கணும்."

அவள் விசைப்பலகையைக் குத்திய குத்தில் மேஜை ஆடியது. தம்பி போனான், நனைந்து திரும்பினான். மாமியார் போனார், இன்னும் நனைந்து திரும்பினார். அதோடு மனைவி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள்.

வேறு வழியின்றி, ஒற்றை விரலால் அவரே தட்டினார்: 'நான் லாக்ரிமோஸ்.' அந்தத் தாள் பிழிந்தால் சொட்டும் நிலையில் வந்தது.

மனைவி எழுந்தாள். "எங்க குடும்பத்தையே சந்தி சிரிக்க வச்சீங்க. அப்பவும் வேலைக்காகல. நானே போய்க் கேக்கறேன்."

"ஐயோ, இருக்கிற வேலையும் போயிடும்டீ!"

கதவு அவர் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. நிரந்தர வேலை, வீட்டுச் சாப்பாடு, இரண்டுமே கைநழுவுவதை நினைத்தபடி நின்றார்.

கதவு திறந்தது.

"கைக்குட்டை இருந்தாக் குடுங்க," என்றாள் அவள்.

அவர் பதறிப்போனார். "திட்டிட்டாரா? அழாதேம்மா..."

"எனக்கில்லங்க, கருங்கல்லுக்கு. மேல இருக்கிற அர்த்தத்தைப் படிச்சதுமே 'என்னையே சொல்ற மாதிரி இருக்கே'ன்னு அழ ஆரம்பிச்சு, 'சரியில்லை'ன்னு எழுதித் தள்ளிடறார். வாக்கியத்தை இதுவரைக்கும் ஒண்ணுகூடப் படிக்கவே இல்லையாம்!"