போஸ்ட்மேன் செய்த மேல்முறையீடு

மின்துறையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதென்று போஸ்ட்மேன் முடிவு கட்டிவிட்டார்.

ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் தெருவில் அவருக்குப் பெயர் போஸ்ட்மேன்தான். முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் அவர் சண்டை போட்டது நாய்களோடு மட்டும். அதிலும் பெரும்பாலும் நாய்தான் ஜெயித்தது. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு துறையையே எதிர்த்துக் கிளம்பினார் என்றால் அதற்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை.

அவருடைய ஒரே மகன் லைன்மேன். போன வருஷம் கம்பத்தின் மேல் வேலை செய்யும்போது மின்சாரம் தாக்கி இறந்துபோனான். 'கவனக்குறைவால்' என்று துறையிலிருந்து கடிதம் வந்தது. இருபத்தாறு வயசுப் பையனை ஒரு வார்த்தையில் மடித்து ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

"செருப்பைக்கூட ஜோடி பார்த்துக் கழட்டி வைக்கிறவன். அவனா கவனமில்லாதவன்?" என்று நாலு மாசம் சுவரைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விசாரணை அறிக்கையின் நகல் வேண்டுமென்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டார். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அறுபது நாளாயிற்று, ஒரு கார்டுகூட வரவில்லை. பதில் தராததை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். விசாரணைத் தேதியைப் போனில் கூப்பிட்டே சொன்னார்கள்.

அன்று காலை அலமாரியைத் திறந்தார். காலி.

"என் சட்டையெல்லாம் எங்கே?"

"துவைச்சுட்டேன்." தையல் மிஷினிலிருந்து மனைவி நிமிரவில்லை.

"நாலையுமா?"

"நாலும் அழுக்கு."

"இன்னைக்குன்னு பார்த்தா?"

"அழுக்கு தேதி பார்த்தா வருது? காயட்டும். ஆபீஸ் எங்கேயும் ஓடிடாது, நாளைக்குப் போங்க."

"என் மூக்குக் கண்ணாடி?"

"அதை நான் துவைக்கலை."

கண்ணாடி நூல்கண்டு டப்பாவுக்குள் கிடைத்தது. அது எப்படி அங்கே போனது என்று கேட்க நேரமில்லை. ஈரச் சட்டையை உதறி மாட்டினார்.

"காய்ச்சல் வரப்போகுது, பாருங்க!"

"வரட்டும். அதுவாவது கேக்காம வருதே!"

அரசாங்கம் என்றால் அவளுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார்.

மேல்முறையீட்டு அதிகாரி ஒரு பெண்மணி. சொட்டச் சொட்ட வந்தவரைப் பார்த்து மின்விசிறியை வேகமாக்கினார். போஸ்ட்மேனுக்குப் பல் தந்தியடித்தது. ஆனாலும் மனப்பாடம் செய்ததை விடவில்லை.

"அம்மா, முப்பத்தஞ்சு வருஷம் வீடு வீடாப் பதிவுத் தபால் குடுத்தவன் நான். ஒரு தபால்கூடத் தவறினதில்லை. எனக்கு வர வேண்டிய ஒரே ஒரு பதிலை உங்க துறை அனுப்பலை."

அதிகாரி கோப்பைப் புரட்டி ஒரு அட்டையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "இருபத்தெட்டாம் நாளே அனுப்பியாச்சு சார். இந்தக் கையெழுத்து யாரோடது?"

ஒப்புகை அட்டை. அப்படி ஆயிரக்கணக்கில் நீட்டிக் கையெழுத்து வாங்கியவர் அவர். இந்தக் கையெழுத்து கோட்டைத் தாண்டி, தையல் பிரிந்த நூல் மாதிரி இழுத்துக்கொண்டு போயிருந்தது. மனைவியின் பெயர்.

தபால் வருகிற நேரம் பார்த்து ஊசி வாங்கு, பட்டன் வாங்கு என்று இரண்டு மாதமாகத் தினமும் கடைக்கு விரட்டினாளே, அது இதற்குத்தானா?

"நகல் தரட்டுமா?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். மூன்று பக்கம். பக்கத்துக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தாதது துறையின் தவறு என்று இரண்டாம் பக்கம் சொன்னது. அவர் கேட்டது அதுதான். நிமிர்ந்து உட்கார்ந்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். கூட வேலை செய்தவரின் வாக்குமூலம். 'பதினொன்று நாற்பதுக்கு அவருடைய போன் அடித்தது. பையிலிருந்து எடுக்கக் கையை இறக்கினார். முழங்கை அந்தக் கம்பியில் பட்டது. அழைத்த எண், அப்பா என்று பதிவாகியிருந்தது.'

சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்தது அன்றைக்கு. என்ன பேட்டரி போடுவது என்று கேட்கத்தான் மகனைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. 'இந்தக் காலத்துப் பசங்க' என்று திட்டிக்கூட வைத்தார்.

சட்டை காய்ந்துவிட்டது. அதற்கப்புறமும் வெகுநேரம் அந்த பெஞ்சிலேயே இருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மிஷின் நின்றது. அவர் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தாள்.

"மூணு பக்கமுமா?"

"மூணும்."

ஊசியிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்த போன் நான் பண்ணினது."

"என் நம்பர்னு போட்டிருக்கு."

"உங்க போன்லதான் பண்ணினேன். மத்தியானம் சாப்பிட வருவானான்னு கேக்கலாம்னு. நீங்க வைவீங்கன்னுதான் கடுதாசியை ஒளிச்சு வெச்சேன்."

"உனக்குத்தான் போன் பண்ணவே தெரியாதே?"

"பச்சைப் பட்டனை அமுக்கினா அது பாட்டுக்குப் போகுது. பெரிய வித்தை!"

"நான் கடிகாரத்துக்கு..."

"அது மறுநாள்." பட்டென்று வெட்டினாள். "உங்களுக்கு நாளும் நினைவில்லை, கிழமையும் நினைவில்லை. அப்போ நீங்க குளிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"பதினொண்ணு நாப்பதுக்கா?"

"ஆமா, பதினொண்ணு நாப்பதுக்குத்தான்!" குரல் உடைந்தது, ஆனால் பார்வையை அவர் மேலிருந்து எடுக்கவில்லை. "குளிச்சீங்களா, இல்லையா? சொல்லுங்க."

அவர் அவளையே பார்த்தார். இந்த இரண்டு மாதத்தில் அவள் எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறாள் என்று அப்போதுதான் கண்ணில் பட்டது.

முப்பத்தைந்து வருஷமாகக் காலை ஆறு மணி அடித்தால் குளித்துவிடுகிற போஸ்ட்மேன், அன்றைக்கு மட்டும் பதினொன்று நாற்பதுக்குக் குளித்ததாக ஒப்புக்கொண்டார்.