பினீசியர் தண்ணீர் குடித்த ஊர்

உலக வரலாற்றைக் கிறிஸ்துவுக்கு முன், கிறிஸ்துவுக்குப் பின் என்று பிரித்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால், 'எருக்கலம்புலம்: புவியியலும் வரலாறும்' என்ற நூல் வெளிவருவதற்கு முன், வெளிவந்ததற்குப் பின் என்று துல்லியமாகப் பிரித்திருக்கலாம். போகட்டும், அவர்களுக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.

நூலை வெளியிட்டது எருக்கலம்புலம் மக்கள் ஒன்றியத்தின் இத்தாலியிலுள்ள பலேர்மோக் கிளை. நான் அதன் செயலாளர். மற்ற நாட்களில் ஒரு வழக்கறிஞரின் வயதான தாயாரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போவேன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் வீட்டு வேலைக்காரருக்கெல்லாம் ஓய்வு. அந்த நேரத்தில் வரலாற்றைத் தள்ளுவேன்.

எருக்கலம்புலம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. அறியாமை குற்றமல்ல. அது யாழ்ப்பாணத்தில், இரண்டு பெரிய கிராமங்களுக்கு நடுவில் இருக்கிறது. தனி விதானை, அதாவது கிராம அலுவலர், இல்லை, தபாற்கந்தோர் இல்லை, அரசாங்கப் பதிவு எதிலும் பெயர் இல்லை. பஸ் அங்கே நிற்பதில்லை. வேகத்தைக் குறைப்பதும் இல்லை. ஒரு கையெழுத்துக்காக வடக்கூர் விதானையிடம் போனால், "உது தெற்கோடை சேர்ந்தது" என்பார். தெற்கூர் விதானையிடம் போனால், "ஆர் சொன்னது? வடக்கோடை சேர்ந்தது" என்பார். இதைத்தான் நூலின் முதலாம் அத்தியாயம் 'இரு பெரும் ஆட்சிகளுக்கும் அடிபணியாத தன்னாட்சிப் பிரதேசம்' என்று வர்ணிக்கிறது. எழுதியவன் அடியேன்.

நூலின் மூலகர்த்தா எங்கள் தலைவர் கோபாலசிங்கம் அண்ணை. பலேர்மோ நகரத்துக் கால்சாவில், கடலைப் பார்த்த பழைய மாளிகை ஒன்றில், பிரபு வம்சத்துச் சின்யோரா ஒருத்திக்குச் சமையலும் துப்புரவும் அவர்தான். அந்த வீட்டு வரவேற்பறைச் சுவரில் சின்யோராவின் வம்சத்தை ஒரு மரமாக வரைந்து, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அண்ணை பல வருடங்களாக அதைத் தூசு தட்டி வந்தவர். ஒருநாள் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டதாம்.

"இவளின்ரை பூட்டன், கொப்பாட்டன் எல்லாம் சுவரிலை தொங்கினம். நாங்கள் என்ன குப்பையிலை முளைச்ச ஆக்களோ? எங்களுக்கும் ஒரு சரித்திரம் வேணும்!" என்று அடுத்த கூட்டத்தில் அண்ணை முழங்கினார். நாங்கள் கை தட்டினோம். நூற்குழு பிறந்தது.

அண்ணையின் உள்ளம் எத்தகையது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். அந்த மாளிகையில் லிஃப்ட் வீட்டுக்காரருக்கு மட்டும். வேலைக்காரர் பின்படியால் ஏற வேண்டும். சமையலறையில் அண்ணைக்கென்று ஒரு தனிப் பிளாஸ்ரிக் கிளாஸ். மற்றக் கிளாஸ்களில் அவர் தண்ணீர் குடிக்கக்கூடாது.

"நான் தொட்டால் கிளாஸ் கரைஞ்சு போகுமோ? மனிசனை மனிசன் இப்பிடி நடத்திறதோ? இந்தக் காலத்திலையோ?" என்று கூட்டத்தில் கேட்டு அண்ணை அழுதார். நாங்களும் அழுதோம். 'நிறவெறிக்கு எதிரான கண்டனத் தீர்மானம்' ஏகமனதாக நிறைவேறியது. அதில் முதல் கையெழுத்து வைத்தவர் செல்வமலர். அதே நகரத்து அல்பெர்கேரியாவில் மாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டுகளைக் கழுவுகிறவர். எங்கள் ஒன்றியத்துக்குச் சந்தா தவறாமல் கட்டுபவர். அந்தச் சந்தாவின் பலத்தில், அவரும் எருக்கலம்புலத்தவர் என்றே கொள்ளப்பட்டு வந்தார்.

இனி வரலாறு. இதற்குப் பொறுப்பு றஞ்சித். பலேர்மோ துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். கப்பல்களோடு பழகியவர் என்பதால் கடல்கடந்த வரலாறு அவர் கைக்கு இயல்பாக வந்தது. பலேர்மோ நகரத்தைப் பழங்காலத்தில் உண்டாக்கியவர்கள் பினீசியர் என்ற கடலோடிகள். அவர்களுடைய பானை ஒன்றை றஞ்சித் இங்கே அருங்காட்சியகத்தில் பார்த்தார். பார்த்தவுடன் மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஊர் நல்லதண்ணிக் கிணற்றடியில் அதே மாதிரி ஒரு பானைத்துண்டு கிடந்ததே! வாட்ஸ்அப்பில் படம் எடுப்பித்துப் பார்த்தார். அதே வளைவு, அதே மண். ஆகவே பினீசியர் எருக்கலம்புலத்துக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போய்த்தான் பலேர்மோவைக் கட்டினார்கள். நாங்கள் இங்கே வந்தது குடிபெயர்வு அல்ல, பதில் விஜயம்.

ஆராய்ச்சி என்றால் நிபுணர் ஒருவர் வேண்டும். பல்கலைக்கழகத்தில் பழைய பானைகளைப் பற்றி ஆய்வு செய்யும் நிவேதிதா என்ற தமிழ்நாட்டுப் பெண்ணை அழைத்தோம். அண்ணை அன்போடு விசாரித்தார்.

"பிள்ளை ஊரிலை எந்தப் பகுதி?"

"திருச்சி பக்கம் சார்."

"ஓம் ஓம், திருச்சி. அதிலை எந்தப் பகுதி?"

"லால்குடிங்க."

"அது சரி பிள்ளை. லால்குடியிலை நீங்கள் எந்தப் பகுதி?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தெரு சார்."

இவ்வளவு முயன்றும் அண்ணையால் பஸ் ஸ்டாண்டைத் தாண்ட முடியவில்லை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு குறிப்பு: 'எந்தப் பகுதி' என்று எங்களவர் கேட்டால் அது விலாசம் கேட்பதல்ல. இன்னார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாமா என்று அறியும் பண்பான முறை. சாதி என்ற அசிங்கமான சொல் எங்கள் தலைவர் வாயில் ஒருநாளும் வந்தது கிடையாது.

நிவேதிதா பானைத்துண்டின் படத்தை உருப்பெருக்கிப் பார்த்தார். "இது அவ்வளவு பழசு இல்லைங்க. சாதாரணத் தண்ணிப் பானைதான். எல்லா ஊர்லயும் பானை உடையும் சார்" என்றார்.

அந்த அடக்கம் எங்களை உருக்கிவிட்டது. 'எல்லா ஊர்களிலும் பானை உடைந்துள்ளது என்று பல்கலைக்கழக ஆய்வாளரே ஒப்புக்கொண்டுள்ளார். எனவே பினீசியருக்கும் நமக்குமான தொடர்பு ஐயந்திரிபற நிறுவப்பட்டது' என்று இரண்டாம் அத்தியாயத்தை முடித்தேன்.

புவியியலும் றஞ்சித்தின் கைவண்ணமே. எருக்கலம்புலத்தின் வடக்கெல்லை தரவை என்ற வெறும் வெளி. கிழக்கெல்லை சுடலை. மேற்கெல்லை வாழைத்தோட்டம். தெற்கெல்லை மதகு. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வீதித் திணைக்களத்தார் சீமெந்தால் கட்டியது அது. அதை 'இயற்கை எல்லை' என்று கண்டுபிடித்தது எங்கள் புவியியல் உபகுழு. மதகுக்கு அப்பால் சில வீடுகள் உண்டு. அவற்றில் மனிதர்கள் வசிப்பதாகவும் தெரிகிறது. ஆனால் புவியியல் இரக்கம் பார்க்கும் துறையல்ல. வரைபடம் மதகோடு முடிந்தது.

இந்த வரைபடத்தை வெறும் அழகுக்குக் கீறவில்லை. ஊரிலே நல்ல தண்ணீர் உள்ள கிணறு ஒன்றே ஒன்று. மற்றக் கிணறுகள் உவர். அந்த நல்லதண்ணிக் கிணற்றில் மோட்டார் பூட்டி, தண்ணீர்த் தாங்கி கட்டி, வீடு வீடாகக் குழாய் போடுவதென்று ஒன்றியம் தீர்மானித்திருந்தது. குழாய் எதுவரை போகும்? நூலிலுள்ள வரைபடத்தின் எல்லைவரை போகும். இதைவிட விஞ்ஞானபூர்வமான முறை உண்டா?

வரைபடம் கூட்டத்துக்கு வந்த அன்று செல்வமலர் எழும்பினார்.

"அண்ணை, படத்திலை எங்கடை வீடுகளைக் காணேல்லை."

"தாள் முடிஞ்சு போச்சுது அக்கா" என்றார் றஞ்சித்.

"வடக்கை வெறும் தரவையை இவ்வளவு பெரிசாக் கீறியிருக்கிறியள். அதைக் கொஞ்சம் சுருக்கினால் என்ன?"

"அய்யோ, தரவையிலை கை வைக்கேலாது. பினீசியர் வந்து இறங்கினது அதிலைதான்."

செல்வமலருக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணை, பகிடி விடாதேங்கோ. மதகுக்கு அங்காலை என்ரை தங்கச்சி சறோஜா இருக்கிறாள். அவளின்ரை மனுசனுக்குச் சிறுநீரகம் பழுது. உவர்த்தண்ணி ஒரு மிடறும் குடிக்கப்படாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவள் சைக்கிள் கரியரிலை பிளாஸ்ரிக் கான் கட்டிக்கொண்டு எங்கையோ போய்த் தண்ணி கொண்டு வாறாள். உங்கடை குழாய் மதகடிக்கு வருகுது தானே? இன்னும் கொஞ்சம் நீட்டினால் போதும். ஒரு மனிசன் உயிரோடை இருப்பான்."

அண்ணை மிகுந்த அனுதாபத்தோடு தலையாட்டினார். "செல்வமலர், நீ உணர்ச்சிவசப்படாதை. இது தண்ணிப் பிரச்சினை இல்லை. எல்லைப் பிரச்சினை. சரித்திரத்தை நாங்கள் ஆளுக்காக மாத்தேலாது."

"சந்தா வாங்க வரேக்கை மட்டும் எங்கடை வீடு எல்லைக்குள்ளை இருந்ததோ?"

"சந்தா வேறை. அது ஒற்றுமைக்கு" என்றார் அண்ணை.

இதற்குப் பதில் சொல்ல முடியாமல் செல்வமலர் உட்கார்ந்தார் என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். உண்மையில் அவர் உட்காரவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் வரலாற்றில் எல்லாவற்றையும் எழுத முடியுமா?

வெளியீட்டு விழா ஒரு ஞாயிறு பின்னேரம், பலாரோ சந்தைக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. வெளியே கத்தரிக்காய் விற்பவன் கத்தினான். உள்ளே நாங்கள் கத்தினோம். மங்கல விளக்கேற்றி, தேவாரம் பாடி, பொன்னாடைகளை ஒருவருக்கொருவர் போர்த்திக்கொண்டோம். நிவேதிதாவுக்கும் ஒன்று போர்த்தப்பட்டது. அவர் தப்பி ஓட வழி இருக்கவில்லை. செல்வமலரும் வந்திருந்தார். காலையில் மண்டபம் கழுவியதே அவர்தான். அந்தப் பொறுப்பு மட்டும் எந்த எல்லைத் தகராறும் இல்லாமல் அவருக்கே எப்போதும் ஒதுக்கப்படுவது வழக்கம்.

அண்ணை நூலைத் திறந்து, சிகரமான பந்தியை வாசித்தார். "கடல் கடந்து, களைத்து, நாவறண்டு வந்த அந்நியரான பினீசியரை, யார் எவர் என்று ஒரு சொல் கேளாமல் வரவேற்று, செம்பு நிறைய நல்ல தண்ணீர் வார்த்துக் கொடுத்த ஊர் எங்கள் எருக்கலம்புலம்! தாகம் என்று வந்தவர்..."

அந்த இடத்தில் அண்ணைக்கு இருமல் பிடித்தது. சாதாரண இருமலல்ல. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். ஏற்பாட்டுக் குழு எல்லாவற்றையும் யோசித்திருந்தது, மேடையில் தண்ணீர் வைப்பதைத் தவிர. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செல்வமலர் தன் பையிலிருந்த போத்தலைத் திறந்து, ஒரு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, மேடை ஏறிவந்து அண்ணையிடம் நீட்டினார்.

அண்ணை கிளாஸைப் பார்த்தார். செல்வமலரைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். முன்வரிசையும் அண்ணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றார், இருமலுக்கு நடுவே. "எனக்கு... தாகமில்லை."

நிவேதிதா பாவம், விஷயம் தெரியாமல், "குடிங்க சார், மூச்சு முட்டுது உங்களுக்கு!" என்றார். அண்ணை கையை அசைத்து மறுத்தார்.

செல்வமலர் கிளாஸை நூலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒலிவாங்கி அவருக்கு நேரே இருந்தது. அவர் அதற்காக ஏறவில்லை என்பதை நான் சத்தியம் செய்வேன்.

"அண்ணை, சின்யோரா உங்களுக்குத் தனிக் கிளாஸ் வைச்சவள் எண்டு நீங்கள் அழேக்கை நானும் அழுதனான். முதல் கையெழுத்து நான்தான் வைச்சனான். ஏன் தெரியுமோ? எங்கடை அம்மாவுக்கு அந்தத் தனிக் கிளாஸும் கிடைக்கேல்லை. மதகுக்கு அங்காலை குனிஞ்சு நிண்டு, ரண்டு கையையும் ஏந்தித்தான் குடிச்சவ. மேலை இருந்து ஊத்துவினம். பாதி மண்ணிலை போகும்." அவர் நூலின் மேல் கை வைத்தார். "இப்ப ஒரேயொரு திருத்தம் கேக்கிறன். மதகுக்கு அங்காலை இருக்கிற எங்களைப் பினீசியர் எண்டு எழுதிவிடுங்கோ. அவையளுக்கெண்டாலும் யார் எவர் எண்டு கேக்காமல் செம்பிலை தண்ணி குடுத்தனீங்கள் தானே. சறோஜாவின்ரை வீட்டுக்குக் குழாய் வந்திடும்."

நிவேதிதா மட்டும் கை தட்டினார். மண்டபத்தில் ஒரே கைதட்டல் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அன்றுதான் அறிந்தேன். கிளாஸ் அங்கேயே இருக்க, செல்வமலர் இறங்கிப் போனார்.

எங்கள் ஒன்றியத்தின் ஜனநாயகப் பண்பு இங்கேதான் பளிச்சிட்டது. உறுப்பினர் ஒருவரின் கோரிக்கை, அதுவும் சந்தா கட்டிய உறுப்பினர். அன்றைக்கே குழு அவசரமாகக் கூடியது. அண்ணை வேறொரு போத்தல் தண்ணீர் குடித்துச் சுகமாகியிருந்தார். மனுவைச் சிரத்தையோடு ஆராய்ந்தோம்.

"அவையள் பினீசியர் எண்டதுக்கு ஆதாரம் வேணும். ஒரு பானைத்துண்டாவது காட்டட்டும்" என்றார் றஞ்சித்.

"ஆதாரம் கிடக்கட்டும் தம்பி" என்றார் அண்ணை. நெற்றியில் கவலை தெரிந்தது. "நாங்கள் ஒரு பெரிய பிழை விட்டிட்டம். கண்ணை மூடிக்கொண்டு செம்பு எண்டு எழுதிப்போட்டம். அந்தப் பினீசியர் எந்தப் பகுதிப் பினீசியர் எண்டு ஆராவது விசாரிச்சதோ?"

யாரும் விசாரித்திருக்கவில்லை. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு பெரிய அபாயத்தின் விளிம்பில் நின்றிருக்கிறோம்!

ஆகவே ஏகமனதாகத் தீர்மானித்தபடி, இரண்டாம் பதிப்பில் அந்தப் பந்தி பின்வருமாறு திருத்தப்படுகிறது: 'கடல் கடந்து, களைத்து, நாவறண்டு வந்த பினீசியர், மதகுக்கு அப்பால் குனிந்து நின்று, இரு கைகளையும் ஏந்தித் தண்ணீர் குடித்தனர்.'